பரணில் கிடக்கும் வாக்குவம் கிளீனர்



இம்மாதக் கடிதத்தை வித்துராவிலிருந்து எழுதுகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்கு ஏறிச் செல்லும் சாலையில், மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் இது. இதற்கு மேலே போனக்காடு முதலிய தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் கொழுந்து பறித்து வந்திருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளில் அநேகர் பிழைப்பைத் தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். இந்தப் பக்கத்தை வாசிக்கிற உங்களில் சிலரும் அப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்களாயிருக்கலாம்.

சென்ற மாதம் இங்குள்ள ஓர் ஆக்ரிக்கடைக்குச் சென்றிருந்தேன். பழைய இரும்பும் காகிதமும் வாங்கும் கடையைக் கேரளத்தில் அப்படித்தான் சொல்லுவார்கள். அந்தக் கடையை நடத்துகிறவர் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய நம்மவர். நான் போன நேரத்தில் அவர் ஒரு பழைய வாக்குவம் கிளீனரைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், நடுவிலே மோட்டாரிலிருந்து உருவிய ஒரு கைப்பிடிச் செம்புக் கம்பி.

"தம்பி, இது ஓடுகிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணாச்சி. இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? செம்புக்குத்தான் விலை" என்றார்.

அவர் சொன்னதில் பிழையொன்றும் இல்லை. எனினும் அன்று வீடு திரும்பிய பிறகும் அந்தச் சுத்தியல் சத்தம் என் காதைவிட்டுப் போகவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்லுகிறேன்.

பழைய வாக்குவம் கிளீனர்களைத் தேடிச் சேர்த்து, பழுது நீக்கி, ஓடும் நிலையில் வைத்துக்கொள்ளுகிற மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அமெரிக்காவில் இவர்களுக்கென்று 1980-களிலேயே ஒரு சங்கம் உண்டாயிற்று. ஒஹாயோ மாநிலத்தின் நார்த் கான்டன் நகரில், ஹூவர் என்பவர் சிறுவயதில் வாழ்ந்த வீடு 1978இல் ஒரு காட்சியகமாகவே திறக்கப்பட்டது. தபால்தலை சேர்ப்பவரையும் நாணயம் சேர்ப்பவரையும் நாம் கேலி செய்வதில்லை. வீட்டைச் சுத்தம் செய்த இயந்திரத்தைச் சேர்ப்பவரை மட்டும் ஏன் கேலி செய்யவேண்டும்?

இந்த இயந்திரத்தின் கதை 1901இல் லண்டனில் தொடங்குகிறது. ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறியாளர் ஓர் அரங்கத்தில் புதிய துப்புரவு இயந்திரம் ஒன்றைக் காணச் சென்றார். அது காற்றை ஊதித் தூசியைக் கிளப்பியது; கிளம்பிய தூசியில் பெரும்பகுதி திரும்பவும் அங்கேயே படிந்தது. ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று பூத் கேட்டார். பின்னர் ஓர் உணவகத்தில் நாற்காலியின் மெத்தைமேல் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். அவருக்கு மூச்சுத் திணறியது. ஆனால் கைக்குட்டையின் அடிப்பக்கத்தில் தூசி வட்டமாய்ப் படிந்திருந்தது. அவர் செய்த முதல் இயந்திரம் குதிரை வண்டியில் வைத்து இழுத்துச் செல்லும் அளவுக்குப் பெரியது. வண்டியைத் தெருவில் நிறுத்தி, சன்னல் வழியாக நீண்ட குழாய்களை உள்ளே விட்டுச் சுத்தம் செய்தார்கள். 1902இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளங்களைச் சுத்தம் செய்ததும் பூத்தின் இயந்திரமே.

அரசருக்குக் கம்பளம் சுத்தம் செய்த கதை பெரிய கதைதான். ஆனால் என் மனதைத் தொட்டது அடுத்த மனிதருடைய கதை. ஒஹாயோவின் கான்டன் நகரில் ஜேம்ஸ் மரே ஸ்பாங்கிளர் என்று ஒருவர் இருந்தார். அறுபதை நெருங்கும் வயதில், ஒரு பெரிய கடையில் இரவு நேரத்தில் தரையைப் பெருக்கும் வேலை அவருக்கு. அவருக்கு இழுப்பு நோய் இருந்தது. கம்பளத்தைப் பெருக்கும்போது கிளம்பிய தூசி அவரை வாட்டியது. வேலையை விடவும் முடியாது, செய்யவும் முடியாது. 1907இல் அவர் ஒரு மின்விசிறி மோட்டாரையும் மரப்பெட்டியையும் துடைப்பக் கட்டையையும் சேர்த்துக் கட்டி, பின்னால் ஒரு தலையணை உறையைத் தூசிப்பையாக மாட்டினார். தூசி உறைக்குள் போயிற்று; மனிதர் மூச்சு விட்டார். 1908 ஜூன் 2ஆம் தேதி அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் பெரிய அளவில் தொழில் நடத்த அவரிடம் பணம் இல்லை. தோல் சாமான்கள் செய்துவந்த வில்லியம் ஹூவர் அந்த உரிமையை வாங்கினார். பிற்காலத்தில் இங்கிலாந்தில் வீட்டைச் சுத்தம் செய்வதற்கே 'ஹூவர்' என்று பேர் வழங்கும் அளவுக்கு அந்தப் பெயர் பரவியது. பெருக்கிய மனிதர் 1915இல் இறந்துபோனார். அவர் பெயர் சேகரிப்பாளர்களுக்கு வெளியே அதிகம் தெரியாது.

நம் நாட்டில் இந்த இயந்திரம் வீடு வீடாக அறிமுகமானது மிகவும் பிந்தித்தான். அப்போது டாடா குழுமத்தைச் சேர்ந்த போர்ப்ஸ் நிறுவனமும் ஸ்வீடன் நாட்டு எலக்ட்ரோலக்ஸும் சேர்ந்து 1982இல் யூரேகா போர்ப்ஸைத் தொடங்கின. கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர்கள் கையில் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்ற காலத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மெத்தைமேல் இயந்திரத்தை ஓடவிட்டு, உறிஞ்சிய தூளை ஒரு துணியில் கொட்டிக் காட்டுவார்கள். இதன்மேலா நாம் படுத்தோம் என்று வீட்டுக்காரர் வெட்கப்பட்டுப்போவார். எலக்ட்ரோலக்ஸ் 1921இல் செய்த, சறுக்குக் கட்டைகளின்மேல் படுத்த நிலையில் தரையில் இழுத்துச் செல்லும் உருளை வடிவத்தின் வழியில் வந்தவையே நம் வீடுகளுக்கு வந்த பெட்டிகளும்.

வாங்கினார்கள், ஆனால் பயன்படுத்தினார்களா? நம்முடையது கம்பள நாடு அல்ல. சிமெண்டுத் தரை, மொசைக் தரை. ஈர்க்குமாற்றால் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்தால் தீர்ந்தது. அதைச் செய்யக் குறைந்த கூலிக்கு ஒரு ஸ்திரீயும் கிடைப்பாள். ஆகவே அநேக வீடுகளில் இந்த இயந்திரம் இரண்டு மாதம் ஓடி, பிறகு பெட்டியோடு பரணில் ஏறியது. நாற்பது வருடத்துப் பழைய இயந்திரம் நம் நாட்டில் புதுக் கருக்கு அழியாமல் கிடைப்பது இதனால்தான்.

என் தாயார் அப்படிப் பெருக்குகிற ஸ்திரீயாய் இருந்தவர்கள். தோட்டத்து வேலை குறைந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களுக்கும் இழுப்பு உண்டு. மார்கழியில் இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவார்கள். அந்த வீட்டில் ஒரு வாக்குவம் கிளீனர் வாங்கினார்கள். அம்மா அதைத் தொடக்கூடாது என்பது கட்டளை; கெடுத்துவிடுவார்களாம். வீட்டுக்காரம்மா சில நாள் ஓட்டினார்கள். பிறகு அது பரணுக்குப் போயிற்று. அம்மா அதற்குக் கீழே நின்று எப்போதும்போலத் தூசியைக் கிளப்பிப் பெருக்கினார்கள். இழுப்புள்ள ஒரு துப்புரவுப் பணியாளர் தாம் மூச்சு விடுவதற்காகச் செய்த இயந்திரத்தின் கதையை நான் பின்னாட்களில் வாசித்தபோது, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் வெளியே போய் நின்றேன்.

1998இல் அந்தக் குடும்பம் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. அதற்குப் பதிலாக அந்த இயந்திரத்தை அம்மாவின் தலையில் ஏற்றி அனுப்பினார்கள். அம்மா பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வித்துரா வந்து சேர்ந்தார்கள். எங்கள் வீட்டில் அப்போது மூன்று துளை உள்ள ப்ளக் பாயிண்டுகூட இல்லை. அரிசிப் பானைக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி வருடக்கணக்காய் இருந்தது. அம்மா ஒரு நாளும் அதைத் திறக்கவில்லை. வெளியே எறியவும் விடவில்லை. "இரண்டு மாசச் சம்பளம்டா அது" என்பார்கள்.

அவர்கள் காலமான பிறகு நான்தான் அதைத் திறந்தேன். திறந்த அன்றே அதைக் கெடுத்தும் வைத்தேன்.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். உங்களில் ஒருவராவது அதே தவறைச் செய்யாதிருக்கட்டும். பெட்டியிலிருந்து எடுத்தேன், மின்சாரத்தில் செருகினேன், பொத்தானை அழுத்தினேன். கீச்சென்று பெரிய சத்தத்தோடு ஓடியது. 'இத்தனை வருடம் கழித்தும் என்ன வலிமை!' என்று மகிழ்ந்து பத்து நிமிடம் ஓடவிட்டேன். கடைசியில் கருகிய வாடை, பிறகு புகை, பிறகு மௌனம். காரணம் மிகச் சாதாரணமானது. குழாயின் உள்ளே குளவி மண்கூடு கட்டியிருந்தது. காற்று செல்ல வழியில்லை. வழி அடைபட்டால் மோட்டாரின் சத்தம் உயரும். அது பலத்தினால் அல்ல. தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் விசிறிக்குச் சுமை குறைந்து, அது கட்டுக்கு மீறிய வேகத்தில் சுற்றுகிறது. இவ்வகை மோட்டாரைக் குளிரவைப்பதும் அதே காற்றுதான். வேகம் ஏறுகிறது, குளிர்ச்சி நிற்கிறது. சுருளின்மேல் பூசிய வார்னிஷ் வெந்துபோகிறது. ஆகவே உங்கள் இயந்திரம் வழக்கத்தைவிடக் கீச்சுக்குரலில் ஓடினால், அந்தக் கணமே நிறுத்திவிட்டுக் குழாயையும் பையையும் பாருங்கள்.

காயில் கட்டுகிறவர்கள் இருவர் அதைத் தொட மறுத்தார்கள். நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றையும் எட்டக்கூடிய ஆர்மேச்சர் அது. கம்பியின் கனமோ சுற்றுகளின் எண்ணிக்கையோ சற்று மாறினாலும், எடை ஒருபக்கம் சாய்ந்தாலும் அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். மூன்றாமவர், நெடுமங்காட்டில் ஒரு முதியவர், "புது மோட்டார் மாட்டித் தரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சேகரிப்பாளர்களுக்குள் இதில் இரண்டு கட்சி உண்டு. ஓடினால் போதும் என்பார் சிலர். மோட்டார் மாறினால் பிறகு அது வெறும் கூடு என்பது என் அபிப்பிராயம். அவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டு பழைய ஆர்மேச்சரையே கட்டித் தந்தார். கூலி, இயந்திரத்தின் விலைக்கு மேல் ஆயிற்று. என் மனைவி இன்றும் அதை ஞாபகப்படுத்துவாள்.

அன்று கற்றதை வைத்து இன்று ஏழு இயந்திரங்களைப் பராமரிக்கிறேன். பழைய இயந்திரம் ஒன்று கைக்கு வந்தால் முதலில் அதைச் செருகாமலே வையுங்கள். மின்கம்பியை விரல்களுக்கிடையே முழு நீளமும் உருவிப் பாருங்கள். பழைய ரப்பர் உறை கல்லாய் இறுகி வெடித்திருக்கும். வெடித்திருந்தால் ஒட்டுப்போட வேண்டாம், முழுக் கம்பியையும் மாற்றுங்கள். தகட்டில் எத்தனை வோல்ட் என்று பொறித்திருக்கிறது என்று வாசியுங்கள். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் உள்ள ஊர்களில் இது மிகவும் முக்கியம்; சவூதி அரேபியாவில் நெடுங்காலம் வீடுகளுக்கு 127 வோல்ட்டும் வழங்கப்பட்டது, அமெரிக்க இயந்திரம் 120 வோல்ட்டுக்குரியது. நம் 230 வோல்ட்டில் செருகினால் ஒரு நிமிடத்தில் அதன் கதை முடிந்துவிடும். உடல் உலோகமாயிருந்தால் எர்த் இணைப்பில்லாமல் தொடவே கூடாது. வீட்டில் ஈ.எல்.சி.பி. பொருத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துச் சீரிஸ் பல்பில் சோதியுங்கள். பழைய குண்டு பல்பு, நூறு அல்லது இருநூறு வாட், இயந்திரத்தோடு வரிசையாய் இணைக்கப்படும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. ஆகவே குண்டு பல்பு கிடைத்தால் இரண்டு வாங்கி வையுங்கள். பல்பு எரிந்து மோட்டார் மெல்ல அசைந்தால் நல்ல செய்தி. பல்பு எரிந்தும் மோட்டார் அசையாவிட்டால், இறுகிப்போயிருக்கிறது அல்லது உள்ளே ஷார்ட். பல்பே எரியாவிட்டால் மனம் தளரவேண்டாம். பெரும்பாலும் கம்பியோ சுவிட்சோ அறுந்திருக்கும், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இந்தக் கார்பன் பிரஷ் என்பது பென்சில் துண்டு போன்ற சிறு கரிக்கட்டி. இரண்டு இருக்கும். அவை தேய்ந்ததால் மாத்திரமே எத்தனையோ நல்ல மோட்டார்கள் சுத்தியலுக்கு இரையாகின்றன. அவை அமரும் செம்பு வளையம் கறுத்திருந்தால் மிக மெல்லிய உப்புத்தாளால் துடைக்கலாம். எமரித்தாள் கூடாது, அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது.

பேரிங் கரகரத்தால் மாற்றிவிடுங்கள். பல மோட்டார்களில் இருப்பது 608 என்னும் சாதாரண எண்ணுள்ளது, எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். மூடியின் ரப்பர் வளையம் இறுகியிருந்தால் சைக்கிள் டியூபை வெட்டி வைத்துக்கொள்ளலாம், குறைவில்லை. துணிப்பையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பையில் சிறு கிழிசல் இருந்தாலும் தூசி நேரே மோட்டாருக்குள் போகும். துவைத்தால் நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். ஈரப் பையை மாட்டி ஓட்டுவதும், உலர்ந்த தூசிக்கென்று செய்த இயந்திரத்தால் தண்ணீரை உறிஞ்சுவதும் ஒரே வகைப் பைத்தியக்காரத்தனம்.

வித்துராவைப்போல மழை மிகுந்த ஊரில் இவற்றைக் கெடுப்பது ஓட்டமல்ல, ஓய்வு. பேரிங்கின் கிரீஸ் காய்கிறது, பையில் பூஞ்சணம் பிடிக்கிறது, குழாயில் பல்லி முட்டையிடுகிறது. மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுவேன். பிறகு குழாயின் இரு முனைகளிலும் மெல்லிய துணியைக் கட்டிவைப்பேன். குளவி விஷயத்தில் இனி எனக்கு நம்பிக்கை இல்லை.

அம்மாவின் இயந்திரத்தை முதன்முதலாகச் சரிபார்த்தபோது அதன் பைக்குள் அந்த வீட்டுத் தூசி அப்படியே இருந்தது. அதற்குள் ஒரு சட்டைப் பொத்தான், இரண்டு கொண்டை ஊசிகள், ஒரு 25 பைசா நாணயம். தொலைந்த காசுக்காக வீடு முழுவதையும் பெருக்கின ஸ்திரீயை நீங்கள் அறிவீர்கள். இந்தக் காசை யாரும் தேடியிருக்கமாட்டார்கள். 2011க்குப் பிறகு அது செல்லவும் செல்லாது. இரண்டு மாதச் சம்பளத்தில் அதையும் வரவு வைத்துக்கொண்டேன்.

ஆக்ரிக்கடைத் தம்பிக்கு ஒரு சீரிஸ் பல்புப் பலகை செய்து கொடுத்திருக்கிறேன். முதலில் சிரித்தார். சென்ற வாரம் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "அண்ணாச்சி, ஒன்று வந்திருக்கிறது. பல்பு எரியவில்லை" என்றார். உடைக்காமல் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, ஒரு ஜோடி கார்பன் பிரஷ்ஷைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். மோட்டார் ஓடியது. செம்பின் விலைக்குமேல் நூறு ரூபாய் அதிகம் கொடுத்து வாங்க நினைத்தேன், அவர் தரவில்லை. தம் வீட்டில் பிள்ளைக்குத் தூசி ஒத்துக்கொள்வதில்லை என்றும், மெத்தையைச் சுத்தம் செய்யத் தமக்கே வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். பையை எப்படி உலர்த்தவேண்டும் என்று மட்டும் காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.